தாயின் பசியும் தாயின் மனமும்

பசியைத் தமிழர் 'பசிப்பிணி' என்று நோயாகவே கண்டனர். அதைத் தீர்க்கத்தான் மணிமேகலை அமுதசுரபியை ஏந்திச் சென்றாள். ஆனால் இந்நோய் வயிற்றோடு நிற்பதில்லை, மனத்தையும் பற்றும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏழைத் தாய் ஒருத்தி எரிந்து விழுந்தால் 'சிடுமூஞ்சி' என்கிறோம். பேசாமல் சுவரில் சாய்ந்திருந்தால் 'சோம்பேறி' என்கிறோம். அவள் சாப்பிட்டாளா என்று கேட்பவர் எத்தனை பேர்?

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1944-45ஆம் ஆண்டுகளில் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் அதற்குத் தாமாகவே முன்வந்தனர். எல்லாரும் உடல்நலமும் மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே தரப்பட்டது. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. அது நாம் எதிர்பார்ப்பதே. ஆனால் சிரித்துப் பேசிய இளைஞர்கள் எரிச்சலும் துயரமும் கொண்டு நண்பர்களை விட்டு ஒதுங்கினர். நாளெல்லாம் உணவையே நினைத்தனர். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்களாம்! இது அவர்கள் குணக்கேடு அன்று. பசி செய்த வேலை.

அவர்களுக்காவது சோதனை முடியும் நாள் தெரியும். ஏழைத் தாய்க்கு அப்படி ஒரு நாள் இல்லை. தன் பசியோடு பிள்ளைகளின் பசியையும் அவள் சுமக்கிறாள். மாலையில் உலையில் எதைப் போடுவது, அடுத்த வீட்டில் வாங்கிய அரிசியை இன்னும் திருப்பித் தரவில்லையே, மறுபடி எந்த முகத்தோடு கேட்பது என்று மனம் காலையிலிருந்தே அலைகிறது. பிறகு, "எனக்குப் பசியில்லை, நீங்க சாப்பிடுங்க" என்பாள். உலகில் மிகுதியாகச் சொல்லப்படும் பொய் இதுவாகத்தான் இருக்கும் என்பது எங்கள் எண்ணம். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார் என்று எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லாரும் "அம்மா" என்றோம். அப்போது சட்டியில் என்ன மீதி இருக்கும் என்ற கேள்விக்குச் சிலருக்கே விடை தெரிந்தது.

கோவாவில் டாக்டர் விக்ரம் பட்டேல் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை பெற்ற தாய்மாரில் 100க்கு 23 பேர் மனச்சோர்வு நோயால் வாடியது தெரிந்தது. வறுமை அதற்கு முக்கிய காரணம். பிறந்தது ஆணா, பெண்ணா என்பதைப் பொறுத்து, பசியும் கணவனின் அடியும் தாயின் மனத்தைத் தாக்கும் அளவே மாறியதாம். அதே ஆண்டில் வெளியான வேலூர் கிராமத்து ஆய்வும், குறைந்த வருமானத்தையும், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்ததையும் காரணங்களாகக் காட்டியது. மகள்களாகிய எங்களுக்கு இதை அறிந்தபோது நெஞ்சு கனத்தது.

இரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இக்குறை இருந்தது. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும். இரும்புச்சத்துக்குக் கீரையும் பயறும் மீனும் வேண்டுமே! குடத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்குபவளுக்கு எதில்தான் நாட்டம் இருக்கும்?

பாகிஸ்தானில் ராவல்பிண்டியை அடுத்த கிராமங்களில் டாக்டர் ஆதிப் ரஹ்மான் குழுவினர், மனச்சோர்வுற்ற தாய்மாரிடம் பரிவோடு பேசிச் சிந்தனையைத் தெளிவிக்க, ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி தந்தனர். 2008இல் முடிவு வெளியாயிற்று. குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அத்தகைய தாய்மாரில் 100க்கு 23 பேருக்கே நோய் நீடித்தது. பயிற்சி பெறாத பணிப்பெண்கள் சென்ற வீடுகளிலோ 53 பேர்! பணிப்பெண்கள் மருத்துவர்கள் அல்லர் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

ஆயினும் பேச்சு சோறாகாது. அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அது பல வாய்களுக்குப் பங்காகிவிடும். பிள்ளை கேட்டால் தாய் கொடுக்காமல் இருப்பாளா? கர்நாடகத்தில் 2017இல் தொடங்கிய 'மாத்ருபூர்ணா' திட்டம் வேறு வழியைக் கண்டது. தாய்மார் அங்கன்வாடிக்கே வந்து, சோறு, சாம்பார், முட்டை, பால், கடலைமிட்டாய் ஆகியவற்றை அங்கேயே சாப்பிட வேண்டும் என்று வைத்தனர். அங்கே தாய் முதலில் உட்காருகிறாள்; வேறொருவர் பரிமாறுகிறார்.