சுவரில் ஒரு கணிப்பொறி

கற்பிக்க ஒருவருமின்றி, ஒரு கணிப்பொறியை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்ள முடியுமா? இதை வெறும் பட்டிமன்றத் தலைப்பாக விட்டுவிடாமல் சோதித்தே பார்த்தவர் சுகத மித்ரா என்னும் அறிஞர்.

1999-ஆம் ஆண்டு சனவரியில், புதுதில்லி கால்காஜியில், தாம் பணிபுரிந்த நிறுவனத்தின் சுவரில் துளையிட்டு இணைய இணைப்புள்ள கணிப்பொறி ஒன்றைப் பொருத்தினார். சுவருக்கு அப்பால் குடிசைப் பகுதி. அங்கிருந்த பிள்ளைகள் சில மணி நேரத்திலேயே அதை இயக்கத் தொடங்கிவிட்டனர். ஒரு பிள்ளை இயக்க, இரண்டு மூன்று பேர் யோசனை கூற, மற்றவர்கள் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்ப்பார்களாம். வேடிக்கை பார்த்தவர்களும் கற்றுக்கொண்டார்கள் என்கிறார் மித்ரா!

எல்லோரும் இதைப் புகழ்ந்துவிடவில்லை. மார்க் வார்ஷவர் என்னும் ஆய்வாளர், பிள்ளைகளின் தாய்மொழியான இந்தியில் அதில் பாடம் இல்லை என்றும், விளையாட்டிலும் படம் வரைவதிலுமே பெரும்பொழுது கழிந்தது என்றும் எழுதினார். பெற்றோர் சிலர், பிள்ளைகள் படிப்பை மறந்துவிட்டதாகக் குறைப்பட்டனராம். கைப்பேசியைப் பற்றி நம் வீடுகளில் தினமும் கேட்பதும் இதுதானே!

ஆயினும் என்னை மிகவும் கவர்ந்தது, 2010-இல் வெளிவந்த காளிக்குப்பம் ஆய்வே. தமிழ் பேசும் அச்சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு, பத்தாம் வகுப்பில் நம்மைத் திணறடிக்கும் டி.என்.ஏ. இரட்டிப்பாதலைப் போன்ற மூலக்கூறு உயிரியல் பாடம், அதுவும் ஆங்கிலத்தில், கணிப்பொறியில் தரப்பட்டது. தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாத அவர்கள், தாமாகவே கூடிப் படித்து நூற்றுக்கு 30 அளவில் மதிப்பெண் பெற்றனர். அதற்குமேல் உயரவில்லை.

பிறகு, அவர்களோடு பழகிய ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு அழைத்தனர். அவர் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவர், உயிரியல் அறியாதவர். பேரப்பிள்ளையின் பின்னால் நிற்கும் பாட்டியைப்போல, “அட, இதை எப்படிக் கண்டுபிடித்தாய்? அடுத்தது என்ன?” என்று கேட்டு வியப்பதே அவருடைய பணி. மதிப்பெண் 50 அளவுக்கு உயர்ந்தது! தேர்ந்த ஆசிரியர்களிடம் பயின்ற தில்லித் தனியார் பள்ளி மாணவர்களுக்கு அது நிகரானது.

அந்த 20 மதிப்பெண் எங்கிருந்து வந்தது? பாரி சிம்மர்மன் என்னும் அமெரிக்கக் கல்வி உளவியல் அறிஞர், தானே கற்பவர் படிக்குமுன் திட்டமிடுகிறார், படிக்கும்போது தம்மைக் கவனிக்கிறார், படித்தபின் சீர்தூக்கிப் பார்க்கிறார் என்று விளக்கினார். மூன்றாவதைத்தான் நாம் எளிதில் விட்டுவிடுகிறோம். “எப்படி?” என்று ஒருவர் கேட்டால் அதைச் செய்தே தீர வேண்டியிருக்கிறது. ஆகவே, பெற்றோர்களே, ‘எனக்கு இந்தப் பாடம் தெரியாதே’ என்று விலகிவிடாதீர்கள்; அருகில் அமர்ந்து கேளுங்கள்.

மற்றொன்று என் சொந்தக் கருத்து. தெருச் சுவரில் இருக்கும் கணிப்பொறியை வலிமையுள்ள பையன்கள் சூழ்ந்துகொண்டால், ஒரு சிறுமி எங்கே நிற்பாள்? பெண்கள் மட்டுமே உள்ள நம் கணிப்பொறி அறையில்கூட, மவுஸ் ஒருத்தியின் கையிலேயே தங்கிவிடுகிறதே! எங்கள் குழுவில் இப்போது பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அது கைமாறுகிறது. மாறுமுன் திரையை மறைத்துவிட்டு, இதுவரை படித்ததை விளக்க வேண்டியவள், இயக்கியவள் அல்லள், பார்த்துக்கொண்டிருந்தவள்.