சுவரில் ஓதம்... சும்மா இருக்கலாமா?



ஐப்பசி பிறந்தால் நம்ம சாக்கோட்டைப் பக்கம் கண்மாய் நிறையணும், ஊருணி நிறையணும் என்று சாமியைக் கும்பிடுகிறோம். ஆனால் அந்த மழை ஓட்டு வழியாக அடுப்படிக்குள் வந்தால்? அரிசி நனையுது, சுவர் ஊறுது, பிள்ளைக்கு இழுப்பு வருது. மாட்டுக்கு வாங்கின கடன் கூரைக்குப் போயிடுது. அதனால் இந்த மாதப் பாடம், வீட்டுக்குள் வரும் தண்ணீரைப் பற்றியது.

1. முதலில் உயிர், பிறகுதான் சாமான்

2019 டிசம்பர் 2-ந் தேதி, மேட்டுப்பாளையம் அருகே நடூரில், அடைமழையில் உயரமான சுற்றுச்சுவர் ஒன்று வீடுகள் மேல் சாய்ந்தது. விடிவதற்கு முன், தூக்கத்திலேயே 17 பேர் இறந்துபோனார்கள்.

மண் சுவர் காய்ந்திருக்கும்போது கல் மாதிரி நிற்கும். அடி ஊறிவிட்டால் மேல்பாரம் தாங்காது. மழை விட்ட பிறகும் விழலாம். விரிசல் அகலமாகிறதா, சுவர் வயிறு தள்ளுகிறதா, அடிமண் உதிர்கிறதா, நேற்று வரை சாத்தின கதவு இன்றைக்கு இறுக்குகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அன்று ராத்திரி அங்கே யாரும் படுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இதே கணக்குதான்.

ஈரச்சுவரில் உள்ள சுவிட்சைத் தொடாதீர்கள். உலர்ந்த இடத்தில் நின்று மெயினை அணைக்க முடிந்தால் அணையுங்கள். மெயின் போர்டே நனைந்திருந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

2. தண்ணீர் எங்கிருந்து வருது?

காரணம் தெரியாமல் கொத்தனாரைக் கூப்பிட்டால் காசுதான் போகும். கறை இருக்கும் இடமே பாதி பதில் சொல்லும்.

சுவரின் மேல்பகுதியில் கறை என்றால் கூரை ஒழுகுது. ஆனால் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் சட்டத்தில் ஓடி வந்து தள்ளிச் சொட்டும். உடைந்த ஓடு, நகர்ந்த ஓடு, இரண்டு கூரை சேரும் இடத்தில் அடைத்த இலைச்சருகு, இவற்றைப் பாருங்கள்.

நடுச்சுவரில் கறை என்றால் வெளிப்பூச்சில் விரிசல், அல்லது குழாய்க் கசிவு. மழையில்லாத நாளிலும் ஈரம் காயவில்லை என்றால் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை ஈரமும் வெள்ளை உப்பும் என்றால் அது ஓதம். தரை ஈரத்தைச் சுவர் விளக்குத்திரி மாதிரி உறிஞ்சுகிறது. சுவரோரம் தண்ணீர் தேங்காமல் வெளிப்பக்கம் சரிவு கொடுத்து, வாய்க்கால் வெட்டிவிடுங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீரையும் சுவர் ஓரத்தில் விடாதீர்கள்.

3. சிமென்ட் பூசினால் தீருமா?

"ஒரு சிமென்ட் பூச்சு போட்டா சரியாப்போச்சு" என்பார்கள். மண், சுண்ணாம்புச் சுவருக்கு இது சரிவராது. செட்டிநாட்டின் பழைய வீடுகளைப் பாருங்கள். உயர்ந்த மேடை, சரிவான நாட்டு ஓடு, சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளே அடைத்துவிடும். அந்த ஈரம் இன்னும் மேலே ஏறும், பூச்சும் பெயரும். பழைய சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே வெள்ளையடியுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும்.

4. தண்ணீர் வடிந்த பிறகு

* கதவு, ஜன்னலைத் திறந்து காற்று விடுங்கள். பாய், தலையணை, துணியை அன்றைக்கே வெயிலில் போடுங்கள்.
* பூஞ்சணத்தைக் காய்ந்தபடி தட்டினால் அது மூச்சில் ஏறும். மூக்கில் துணி கட்டி, சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள்.
* பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலக்கவே கூடாது. விஷவாயு வரும்.
* பூஞ்சணம் பிடித்த அரிசி, கடலையைக் கோழிக்கும் மாட்டுக்கும்கூடப் போடாதீர்கள். கழுவினாலும் விஷம் போகாது.
* குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.

5. காகிதம் முக்கியம்

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதை மறந்திருக்க மாட்டோம். பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், குழுவின் பாஸ் புத்தகம், தீர்மானப் புத்தகம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி உயரத்தில் வையுங்கள்.

வீடு சேதமானால் உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் நின்று, சரிசெய்வதற்கு முன்பே செல்போனில் படம் எடுங்கள். உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். சேதமடைந்த குடிசைக்கான நிவாரணத்தை அரசு 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியது. கேட்காமல் விட்டால் யார் தருவார்? அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

* நம் உறுப்பினர்களில் யார் வீட்டுச் சுவர் ஆபத்தாக இருக்கிறது? மழை ராத்திரியில் அவர்கள் யார் வீட்டில் தங்குவார்கள்?
* புரட்டாசிக்குள் ஓடு மாற்றச் சிறு கடன் கொடுக்கத் தீர்மானம் போடலாமா?
* குழுவுக்குப் பொதுவாக இரண்டு தார்ப்பாய் வாங்கி வைக்கலாமா?

தனியாக வாழும் அப்பத்தா, கைம்பெண் சகோதரிகள் வீட்டை முதலில் போய்ப் பாருங்கள். "வீடு ஒழுகுது" என்று சொல்லக்கூட அவர்கள் கூச்சப்படுவார்கள். நாமே கேட்போம். ஒரு ஓடு மாற்றும் செலவு சின்னது. இடிந்த சுவரை எழுப்பும் செலவு பெரியது. போன உயிரை எந்தக் கடன் போட்டும் மீட்க முடியாது.