பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கலாமா?

நுண்கணித வகுப்பில் நம்மில் பலரைத் திகைக்க வைப்பது ஒரு சிறு கணக்கு. (க² − 9) / (க − 3) என்னும் விகிதமுறு சார்பில் க = 3 எனப் பிரதியிட்டால் தொகுதியும் பூச்சியம், பகுதியும் பூச்சியம். விடை 0 என்போம். அல்லது 1 என்போம். இரண்டும் தவறு. ஆனால் வெட்கப்பட வேண்டியதில்லை, தோழியரே! 628ஆம் ஆண்டில் கணித மேதை பிரம்மகுப்தரே 0/0 = 0 என்றுதான் எழுதினார்.

3-இல் நிற்காமல் 3-ஐ நெருங்கிப் பார்ப்போம். க = 2.9 எனில் மதிப்பு 5.9. க = 2.99 எனில் 5.99. மறுபுறமிருந்து வந்து க = 3.01 எனில் 6.01. இரு பக்கமும் 6-ஐயே நாடுகின்றன. காரணம் எளிது. தொகுதியைக் காரணிப்படுத்தினால் (க + 3)(க − 3). நெருங்கும்போது க − 3 பூச்சியமன்று, ஆகவே அடித்துவிடலாம். எஞ்சுவது க + 3, எல்லை 6. க = 3-இல் சார்புக்கு மதிப்பில்லை; எல்லை மட்டும் உண்டு.

தொகுதி பூச்சியமாகாமல் பகுதி மட்டும் பூச்சியமானால் இவ்வழி உதவாது. க, 3-ஐ நெருங்கும்போது (க + 1) / (க − 3) ஒருபுறம் மேலே மேலே போகும். மறுபுறம் கீழே கீழே போகும். அதற்கு எல்லை இல்லை.

இக்கணக்கு கரும்பலகையோடு நின்றுவிடுவதில்லை. நம் திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சிடும் பட்டறை ஒன்றை எண்ணுவோம். ஸ்கிரீன் தயாரிக்க ரூ. 600, பிறகு பீஸ் ஒன்றுக்கு ரூ. 40 என்று வைத்துக்கொள்வோம். க பீஸ்களுக்குச் சராசரி அடக்கவிலை (600 + 40க) / க. தொகுதி, பகுதி இரண்டையும் க-வால் வகுத்தால் 600/க + 40. பத்துப் பீஸுக்கு ரூ. 100, நூறுக்கு ரூ. 46, ஆயிரத்துக்கு ரூ. 40.60. க முடிவிலியை நாடும்போது எல்லை 40.

அந்த 40-ஐ அடக்கவிலை நெருங்குமேயன்றி ஒருநாளும் தொடாது. ஆகவே ரூ. 40-க்கு ஒப்புக்கொண்டால் எத்தனை பீஸ் அடித்தாலும் ஸ்கிரீன் செலவு ரூ. 600 கைநட்டமே. ரூ. 45-க்கு ஒப்புக்கொண்டால் 120 பீஸில் முதல் தேறும். அதற்குக் குறைந்த ஆர்டரில் நட்டம். ஆர்டர் பேசப் புறப்படும் பெற்றோருக்கு இதை நாமே போட்டுக் காட்டலாம்.

இனி நாம் முயல ஒரு கணக்கு: க முடிவிலியை நாடும்போது (2க² + 3க) / (க² − 1)-இன் எல்லை என்ன? க²-ஆல் வகுத்துப் பாருங்கள். 2 என வந்தால் பாடம் புரிந்துவிட்டது!