'எ' போடாதே என்றார் சார்

என்னைப் போன்ற நர்சுகள் வெளிநாட்டு வேலைக்கு எழுதும் ஆங்கிலப் பரீட்சையான ஓஈடியில் எனக்கு ரைட்டிங்கில் 280 வந்தது. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் ரைட்டிங்கில் கேட்பது சி பிளஸ், அதாவது குறைந்தது 300. ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி வாங்கியிருந்தேன். ரிசல்ட்டில் மார்க் மட்டும்தான் இருக்கும். எங்கே போனது என்று ஒரு வரி இருக்காது. எங்கள் வார்டில் முன்பு வேலை பார்த்து, இப்போது லெஸ்டரில் இருக்கும் அக்கா ஒருத்தருக்கு என் பயிற்சி நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "ஏன்டி, லெட்டர்ல எங்கயுமே 'எ'வைக் காணோம்?" என்று கேட்டார்.

ஆங்கில ஆர்ட்டிகிளான அந்த 'எ'வையெல்லாம் அடிக்க வைத்தது எங்கள் ஊர் கோச்சிங் சென்டர்.

சார் போர்டில் பெரிதாக எழுதிப்போட்டிருந்தார்: எண்ண முடிந்தால் 'எ' உண்டு, எண்ண முடியாவிட்டால் கிடையாது. கீழே ஒரு பட்டியல். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், புராக்ரஸ், நாலெட்ஜ், ஹிஸ்டரி, பெயின். மனப்பாடம் செய்தோம். ஒரு நாள் நான் 'ஷி ஹேஸ் எ ஹிஸ்டரி ஆஃப் ஆஸ்துமா' என்று எழுதிவிட்டேன். லிசனிங் ஆடியோவில் திரும்பத் திரும்பக் கேட்டது, கை தானாக எழுதிவிட்டது. சார் அந்த 'எ'வைச் சிவப்பு மையில் சுழித்து, "ஹிஸ்டரியை ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவியாம்மா?" என்றார். வகுப்பே சிரித்தது. ஆடியோவில் வருகிறதே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த வாரம் நோட்டு திருத்த மாட்டார் என்பதால் உட்கார்ந்துவிட்டேன்.

நான் எழுதியது சரி. நோயாளிக்கு ஏற்கெனவே இருந்த வியாதியைச் சொல்லும்போது 'எ ஹிஸ்டரி ஆஃப்' என்றுதான் வரும். குடும்பத்தில் இருந்தால் 'எ ஃபேமிலி ஹிஸ்டரி ஆஃப்'. ஒரு ரெஃபரல் லெட்டரில் இதைத் தொடாமல் யாராலும் தாண்ட முடியாது. கடிதம் எழுதப் பரீட்சையில் தரும் கேஸ் நோட்ஸில் 'ஹைப்பர்டென்ஷன், பத்து வருஷம்' என்று தந்தி மாதிரி கொடுத்திருப்பார்கள், 'எ'வும் இருக்காது, 'த'வும் இருக்காது. அதை முழு வாக்கியமாக்குகிறோமா என்பதையும் லாங்வேஜ் மார்க்கில் பார்க்கிறார்கள். 180-லிருந்து 200 வார்த்தைக்குள் எழுதும் கடிதத்தில் ஏழெட்டு இடத்தில் இது விட்டுப்போனால், திருத்துபவருக்கு நம் கடிதமும் கேஸ் நோட்ஸ் மாதிரியே தெரியும்.

சார் சொன்னதில் பாதி உண்மை, அதையும் சொல்லிவிடுகிறேன். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், புராக்ரஸ், ரிசர்ச், ஹெல்த் ஆகியவற்றுக்கு முன்னால் நீங்கள் தலைகீழாக நின்றாலும் 'எ' போடக் கூடாது. 'குட்' சேர்த்தாலும் கூடாது. 'ஷி மேட் குட் புராக்ரஸ்' சரி, 'எ குட் புராக்ரஸ்' தப்பு. ஒன்றே ஒன்று என்று சொல்லியே ஆக வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் எக்விப்மென்ட்'. 'இம்ப்ரூவ்மென்ட்' போட்டால் 'ஆன்' தாராளமாக வரும், அதனால் புராக்ரஸில் சந்தேகம் வந்தால் நான் அதற்கு மாறிவிடுவேன்.

நாலெட்ஜ், அண்டர்ஸ்டாண்டிங், எஜுகேஷன், ஹெல்ப் மாதிரி மனசு, அறிவு, உணர்வு சம்பந்தப்பட்ட வார்த்தைகள் வேறு ரகம். தனியாக நின்றால் 'எ' இல்லை. முன்னால் ஒரு அடைமொழியோ, பின்னால் 'ஆஃப்' என்று ஒரு வாலோ வந்து, இன்ன மாதிரியான அறிவு, இன்னதைப் பற்றிய அறிவு என்று எல்லை கட்டினால் 'எ' வந்துவிடும். 'ஹி ஹேஸ் எ குட் நாலெட்ஜ் ஆஃப் ஹிஸ் மெடிகேஷன்.' மைக்கேல் ஸ்வானின் 'பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்' இதைத் தனியாகவே எடுத்துச் சொல்லி, ஹெல்த் போன்றவை இந்தச் சலுகைக்குள் வராது என்றும் சேர்த்தே சொல்கிறது. சாரின் மேஜையில் அந்தப் புத்தகம் இருந்தது. அட்டை மடங்கிக்கூட நான் பார்த்ததில்லை.

நம் தொழிலில் இன்னும் நுணுக்கம் இருக்கிறது. 'ஹை பிளட் பிரஷர்' என்றால் 'எ' வேண்டாம். அதே பிளட் பிரஷரை ரீடிங்காகச் சொன்னால், 'எ பிளட் பிரஷர் ஆஃப் 150/90'. பல்ஸும் டெம்பரேச்சரும் அப்படியே, எண் வந்தால் 'எ' வரும். டயபெடிஸ், நிமோனியா, ஆஸ்துமாவுக்குக் கிடையாது. ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக், காஃப், ராஷ், ஃபால் எல்லாவற்றுக்கும் உண்டு. 'சைன்ஸ் ஆஃப் இன்ஃபெக்ஷன்' என்று பொதுவாகச் சொன்னால் வேண்டாம், 'எ யூரினரி டிராக்ட் இன்ஃபெக்ஷன்' என்று ஒன்றைக் காட்டினால் வேண்டும். நோயாளி 'இன் பெயின்' இருப்பார், ஆனால் நெஞ்சில் இருப்பது 'எ ஷார்ப் பெயின்'. பிளட்டுக்கு முன்னால் 'எ' வராது என்று படித்தவர்கள் 'பிளட் டெஸ்ட்'டுக்கும் போடாமல் விடுகிறார்கள். அங்கே 'எ' பிளட்டுக்கு இல்லை, டெஸ்டுக்கு.

இதையெல்லாம் ஒரு விதியில் அடக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் சென்டரை விட்டு நின்றேன். மீதிப் பணம் திரும்பி வரவில்லை. அந்த நேரத்தில் போய் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதியை அச்சுப் பிரதியாகவே வாங்கினேன். "போன்லயே இருக்கே, இது எதுக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். போனில் அர்த்தம் பார்த்துவிட்டு வாட்ஸ்ஆப்புக்குப் போய்விடுவோம், அதனால்தான். ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஹார்ன்பியும் கூட இருந்த இருவரும் தொகுத்து, 1942-ல் டோக்கியோவில் வெளிவந்த அகராதியின் வழியில் வந்தது இது. வெளிமொழிக்காரர்களுக்கு எங்கே தடுக்கும் என்று பார்த்துச் செய்தது. பெயர்ச்சொல் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'சி' இருந்தால் எண்ணலாம், 'யு' இருந்தால் எண்ண முடியாது. நாலெட்ஜுக்குப் பக்கத்தில் 'யு'வோடு 'சிங்' என்றும் போட்டிருக்கும். அந்த 'சிங்'தான் 'எ' வரலாம் என்பதற்கு அடையாளம். நைட் டூட்டியில் இரண்டு மணிக்கு மேல் வார்டு அடங்கியதும், கேஸ் நோட்ஸில் வரும் வார்த்தைகளை இப்படிப் பார்த்து ஒரு சின்ன டைரியில் எழுதினேன். உங்களுக்கும் அந்த நேரம்தான் கிடைக்கும்.

அப்ளிகேஷன், பாஸ்போர்ட் நகல், ஃபீஸ் விவரம் எல்லாம் ஓஈடி தளத்திலேயே இருக்கிறது, அதற்கு நான் வேண்டாம். இன்னொரு ஆங்கிலப் பரீட்சையான ஐஈஎல்டிஎஸ் போ என்று நாத்தனார் முதல் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு உலக வெப்பமயமாதல் பற்றிக் கட்டுரை எழுதத் தெரியாது, புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்றுவது பற்றி எழுதத் தெரியும். ஓஈடிதான் சரி.

பரீட்சை அறையில் கேஸ் நோட்ஸ் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். அந்த 40-ல் கடைசிக் கொஞ்ச நேரத்தை ஒதுக்கிவையுங்கள். ஸ்பெல்லிங் பார்க்க வேண்டாம், முழுக் கடிதத்தையும் படிக்க வேண்டாம். பெயர்ச்சொற்களில் மட்டும் விரல் வைத்துக்கொண்டு போங்கள். 'ஹிஸ்டரி ஆஃப்' கண்ணில் பட்டால் முன்னால் 'எ' இருக்கிறதா, 'அட்வைஸ்' பட்டால் முன்னால் 'ஆன்' ஒட்டியிருக்கிறதா. ஸ்பீக்கிங்கில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள், பேச்சு திக்கும்.

நான் பாஸானதும், இப்போது சென்டர் வாசலில் என் படம் போட்டு பிளெக்ஸ் வைத்திருக்கிறார்களாம், தங்கை போட்டோ அனுப்பினாள். எடுக்கச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்தாயிற்று, பதில் இல்லை.