உயர்திணையும் பணியுரிமையும்

தமிழ் இலக்கணம் பயிலப் புகும் மாணாக்கர் முதற்கண் கற்பது திணைப் பாகுபாடு. மக்களை உயர்திணை என்றும், அவரல்லாத பிறவற்றை அஃறிணை என்றும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே வகுத்துவிடுகிறார். அடுத்து ஆண்பால், பெண்பால், பலர்பால் என்னும் மூன்றையும் உயர்திணைக்கு உரியனவாக்குகிறார். இவ்வளவில் அவர் நிறுத்தியிருப்பின், ஆண் என்றோ பெண் என்றோ எளிதில் வரையறுக்க இயலாத மக்களுக்கு இலக்கணத்தில் இடம் இருந்திராது. அவர் நிறுத்தவில்லை. கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பாவில், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை, அவை உயர்திணை ஈறுகளையே ஏற்று நடக்கும் என்று விதி செய்கிறார். பன்னிரண்டாம் நூற்பாவில் அப்பெயர்களுக்கு ஆண்பாற்சொல் பொருந்தாது என்றும் வரையறுக்கிறார். இவர்கள் மக்களே என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

நன்னூலார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்பது அவர் கொள்கை. ஈண்டு அவர் ஆளும் சொல் 'அவாவுதல்' என்பதாகும். உடலமைப்பைச் சுட்டாமல் உள்ளத்து விருப்பத்தைப் பால் அறிதற்குரிய அடையாளமாகக் கொண்ட இந்நுட்பம் வியக்கத்தக்கது. எனினும் அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரு திறத்தாரும் அஃறிணை போலவும் வழங்கப்பெறுவர் என்னும் ஒரு சிறு வாயிலையும் பவணந்தியார் திறந்து வைத்துவிட்டார். பிற்கால உலக வழக்கு முன்வாயிலை விடுத்து அப்பக்கவாயில் வழியாகவே நுழைந்தது. இன்றும் தெருவில் நடந்து செல்லும் ஒரு திருநங்கையை 'அது' என்று சுட்டுவோர் உளர். அவர்கள் நன்னூல் படித்தவர்களும் அல்லர்!

சிலப்பதிகாரம் குறிப்பிடும் பதினோராடலுள் பேடியாடலும் ஒன்று. கூவாகத்துக் கூத்தாண்டவர் விழாவும் நாடறிந்ததே. கூத்திலும் விழாவிலும் இவர்களுக்கு இடம் தந்த நம் சமுதாயம், அலுவலகத்திலும் தொழிற்கூடத்திலும் ஒரு நாற்காலி தரவில்லை என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள். தாம்பரம் கடற்கரை மின்தொடர் வண்டியில் நாள்தோறும் செல்லும் நம் மாணவர்க்கு இதற்குச் சான்று காட்ட வேண்டியதில்லை. அதே வண்டி தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் நிற்கும்போது, 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஏற்றுமதி மண்டலத்தின் தொழிற்கூடங்களை நோக்கிப் பல்லாயிரவர் இறங்கி நடக்கின்றனர். வண்டிக்குள் கைதட்டிக் காசு கேட்கும் திருநங்கைக்கும், அம்மண்டலத்தின் வாயிலுக்கும் இடைப்பட்ட தொலைவு சில நூறு அடிகளே. அதைக் கடப்பதற்கு என்ன வேண்டும்?

முதலில் ஒரு சொல் வேண்டியிருந்தது. பழிச்சொற்களாகவே வழங்கிய பெயர்கள் நீங்கி, 'அரவாணி' என்பதும், பின்னர்த் 'திருநங்கை' என்பதும் வழக்கிற்கு வந்தன. பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு ஆணாக வாழ்வோர் 'திருநம்பி' எனப்பட்டனர். இரு திறத்தாரையும் சேர்த்துத் 'திருநர்' என்னும் பொதுச்சொல் இன்று வழங்குகிறது. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் தமிழ்நாட்டரசு இந்தியாவிலேயே முதன்முறையாக இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத பிறர் எனப் பதிவானோர் நாடு முழுவதும் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். பெயரும் எண்ணும் கிடைத்தன. வேலை கிடைத்ததா என்பதை நீதிமன்றப் பதிவேடுகளில்தான் தேட வேண்டியுள்ளது.

கரூர் மாவட்டக் காவல்துறையில் பெண் காவலராகத் தேர்வாகிப் பணியேற்ற ஒருவர், மருத்துவ ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டு, பெண் அல்லர் என்று கூறிப் பணிநீக்கம் செய்யப்பட்டார். பிறப்பு முதல் பெண்ணாகவே வளர்ந்தவர் அவர். தம் உடல் பற்றிய உண்மையை ஓர் அரசு ஆணையின் வாயிலாக அறிய நேர்ந்த அவலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் நீதியரசர் எஸ்.நாகமுத்து அப்பணிநீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அதற்கு இரண்டு நாள் முன்னர்த்தான், தேசிய சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு பெருந்தீர்ப்பை வழங்கியிருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15, 16ஆம் உறுப்புகள் பால் அடிப்படையில் வேற்றுமை காட்டலாகாது என்று கூறும்போது, ஒருவர் தம்மை உணரும் பாலின அடையாளமும் அதனுள் அடங்கும் என்பது நீதியரசர்கள் கே.எஸ்.இராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி ஆகியோரின் முடிவு. நன்னூலாரின் 'அவாவுதல்' ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழித்துச் சட்டமாயிற்று எனலாம்.

அடுத்த ஆண்டே அதன் பயனை ஒருவர் சோதித்துப் பார்த்தார். சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் அவருக்குரிய கட்டம் இல்லை. ஆகவே விண்ணப்பம் தள்ளப்பட்டது. எழுத்துத் தேர்வு எழுதவும், உடல்தகுதித் தேர்வில் ஓடவும் அவர் உயர்நீதிமன்றத்தின் படிகளில் ஏற வேண்டியிருந்தது. ஓட்டத்தில் ஒரு வினாடி அளவே பிந்தினார் என்பதும் ஒரு தடையாகக் காட்டப்பட்டது. 2015 நவம்பர் 3ஆம் நாள் தலைமை நீதியரசர் சஞ்சய் கிஷன் கௌல், நீதியரசர் புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அவர் பணிக்குரியவரே என்று தீர்ப்பளித்ததுடன், இனிவரும் தேர்வுகளில் மூன்றாம் பாலினத்தவர்க்கும் இடம் வகுக்குமாறு தேர்வு வாரியத்தைப் பணித்தனர். 2017இல் அவர் தருமபுரியில் பணியேற்றார்.

எல்லார்க்கும் இம்முடிவு வாய்க்கவில்லை. திருச்செந்தூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி ஷானவி பொன்னுசாமி விமானப் பணிப்பெண் வேலைக்கு ஏர் இந்தியா நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பலமுறை முயன்றும் தேர்வாகவில்லை. தம் பாலினமே காரணம் என்றார் அவர். தகுதி மதிப்பெண் பெறவில்லை என்றது நிறுவனம். 2017இல் அவர் உச்சநீதிமன்றம் சென்றார். 2022 செப்டம்பரில் நீதிமன்றம், திருநர்க்குப் பணியிடங்களில் உரிய வசதியும் வாய்ப்பும் தரும் கொள்கை ஒன்றை வகுக்குமாறு நடுவண் அரசுக்கு ஆணையிட்டது. ஐந்தாண்டுகள் கழிந்தன. கொள்கைக்கு வழி பிறந்தது. கேட்டவர்க்கு அவ்வேலை கிடைக்கவில்லை. உரிமையை ஒவ்வொருவராக வழக்காடிப் பெறும் முறையின் குறை இதில் நன்கு புலனாகும். வழக்குத் தொடுக்கும் வலிமை உள்ளவரே வெல்வர். அவரும் சில வேளைகளில் வெல்வதில்லை.

இதனால்தான் அனைவர்க்கும் பொதுவான ஒரு சட்டம் வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. 2019இல் நாடாளுமன்றம் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2020 சனவரி 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அரசமைப்பின் 16ஆம் உறுப்பு அரசு வேலையைப் பற்றியது மட்டுமே. தனியார் முதலாளியை அது கட்டுப்படுத்தாது. இப்புதுச் சட்டமோ தனியார் நிறுவனங்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. பணியமர்த்தலிலும் பதவி உயர்விலும் வேற்றுமை காட்டலாகாது என்று 9ஆம் பிரிவு கூறியது. ஒவ்வொரு நிறுவனமும் முறையீடுகளைக் கேட்க ஓர் அலுவலரைக் குறிப்பிட வேண்டும் என்பது 11ஆம் பிரிவு.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயின் 9ஆம் பிரிவை மீறியவருக்கு என்ன தண்டனை? பொது இடத்தில் நுழையவிடாமல் தடுத்தல், ஊரைவிட்டு விரட்டுதல், துன்புறுத்தல் போன்றவற்றுக்கு ஆறு திங்கள் முதல் ஈராண்டு வரை சிறை என்று 2019இல் 18ஆம் பிரிவு வகுத்தது. வேலை மறுத்தல் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. இதனை வேறொரு சட்டத்தோடு ஒப்புநோக்கினால் வேறுபாடு விளங்கும். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளகக் குழு அமைக்காத முதலாளிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை தண்டம் விதிக்க வகை செய்தது. ஆகவே எந்த அலுவலகச் சுவரிலும் அக்குழுவினரின் பெயர்ப்பலகையைக் காணலாம். திருநர் முறையீட்டு அலுவலரின் பெயரை எந்தச் சுவரில் கண்டோம்? சட்டம் இரண்டும் ஒரே நாடாளுமன்றத்தில் பிறந்தவையே. ஒன்றற்குப் பல் முளைத்தது, மற்றொன்றற்கு முளைக்கவில்லை.

சட்டத்திற்குள் இவர்களைச் சேர்ப்பதா விடுவதா என்னும் வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு, ஒருபால் ஈர்ப்பினரைப் பணியிட வேற்றுமையிலிருந்து காக்கும் சட்ட முன்வரைவிலிருந்து திருநரைக் குறிக்கும் சொற்கள் நீக்கப்பட்டன. அவர்களையும் சேர்த்தால் போதிய வாக்குகள் கிட்டா என்பது சொல்லப்பட்ட காரணம். முதலில் கிடைப்பதைப் பெறுவோம், இவர்கள் பின்னர் வரட்டும் என்றனர். அதனை எதிர்த்துப் பல அமைப்புகள் ஒன்றுகூடிப் போராடின. அவ்வாறு குறைத்த முன்வரைவும் கீழவையைக் கடந்ததேயன்றிச் சட்டமாகவில்லை. இறுதியில், 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்திலுள்ள 'பால்' என்னும் ஒரு சொல்லே அனைவரையும் காக்கும் என்று 2020 சூன் 15ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறியது. வழக்காடியவருள் ஒருவரான எய்மி ஸ்டீபன்ஸ் அதற்கு ஒரு திங்கள் முன்னரே இறந்துபோனார். பின்னர் வரட்டும் என்பாரது பேச்சின் விலை இத்தகையது.

நம் மாநிலத்தில் இன்று நடைபெறும் போராட்டம் இட ஒதுக்கீட்டைப் பற்றியது. 2015இல் தமிழ்நாட்டரசு திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. நன்மை கருதிச் செய்ததே எனினும், பட்டியலினத்தில் பிறந்த ஒரு திருநங்கையின் நிலை இதனால் சிக்கலாயிற்று. அவர் தாழ்த்தப்பட்டதும் சாதியால், ஒதுக்கப்பட்டதும் பாலினத்தால். இரண்டில் ஒன்றைத் துறந்து மற்றொன்றைக் கொள்க என்பது எவ்வாறு நீதியாகும்? ஆகவே ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் இவர்களுக்கெனச் சிறு பங்கு ஒதுக்கும் கிடைமட்ட ஒதுக்கீடு வேண்டும் என்று, தமிழகத்தில் பொறியியல் பயின்ற முதல் திருநங்கையாகிய கிரேஸ் பானு முதலியோர் நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர். கருநாடக அரசு 2021இல் ஒரு விழுக்காட்டைக் கிடைமட்டமாக ஒதுக்கிவிட்டது. 2024 சூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றமும் செவிலியர் ஒருவர் தொடுத்த வழக்கில், பாலினத்தைச் சாதிப் பட்டியலில் அடக்கிய அவ்வாணையை ஏற்கவில்லை. வாரியம் அமைப்பதில் நாட்டிற்கே முன்சென்ற நம் மாநிலம் இதில் பின்தங்கியது வருந்தத்தக்கது.

வேலை கிடைத்தபின் என்ன நேரும் என்பதற்குக் கொச்சி மெட்ரோ இரயில் நிறுவனம் ஒரு பாடம். 2017இல் அந்நிறுவனம் இருபதுக்கும் மேற்பட்ட திருநரைப் பணியமர்த்தியபோது நாடே பாராட்டியது. தொடங்கிய சில வாரங்களுக்குள் எட்டுப் பேர் விலகினர். வேலையில் குறையில்லை, நகரில் எவரும் அவர்களுக்கு வீடு தரவில்லை. பெறும் ஊதியம் விடுதி வாடகைக்கே போயிற்று. சிட்லபாக்கம், சேலையூர், குரோம்பேட்டைத் தெருக்களில் 'வீடு வாடகைக்கு' என்னும் பலகை மாட்டும் பெரியோர்கள் இச்செய்தியைச் சற்றே நின்று படித்தல் வேண்டும்.

2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் மற்றொரு தீர்ப்பை வழங்கியது. திருநங்கை என்பதனால் குஜராத்தில் ஒரு தனியார் பள்ளி, நியமனக் கடிதம் தந்தபின்னும் பணியில் சேர்க்க மறுத்த ஆசிரியர் ஜேன் கௌசிக் தொடுத்த வழக்கு அது. நீதியரசர்கள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் ஆகியோர் அவருக்கு இழப்பீடு வழங்கியதுடன், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தாமல் அரசுகள் வாளாவிருந்ததும் ஒருவகை வேற்றுமை காட்டலே என்றனர். பணியிடங்களில் சமவாய்ப்புக் கொள்கையை உருவாக்க ஓய்வுபெற்ற நீதியரசர் ஆஷா மேனன் தலைமையில் ஒரு குழுவும் அமைந்தது. அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்று, திருநர்க்கும் தனிக் கழிப்பிட வசதி வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. சிறிய செய்திபோல் தோன்றும். கழிப்பிடம் இல்லாத காரணத்தாலேயே வேலையை விட்டவர்கள் இதன் அருமையை அறிவர்.

நிறுவனம் என்றதும் நாம் ஏற்றுமதி மண்டலத்தையும் மென்பொருள் கூடங்களையும் மட்டும் நினைக்கிறோம். இச்சட்டத்தின்படி கல்லூரியும் ஒரு நிறுவனமே. மருத்துவமனையும் நகைக்கடையும் அவ்வாறே. நம் வகுப்பறையில் இன்று அமர்ந்திருப்போருள் சிலர் நாளை பணியாளர் துறையில் அமர்ந்து விண்ணப்பங்களைப் பிரிப்பர். அப்போது அவர்கள் காணப்போகும் இடர்ப்பாடு பெரும்பாலும் ஒன்றே: மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். அடையாளச் சான்று பெற்றவர் கோரினால் கல்வி ஆவணங்களிலும் பெயரையும் பாலினத்தையும் திருத்தித் தர 2020ஆம் ஆண்டு விதிகள் வகை செய்தன. அத்தகைய விண்ணப்பம் வந்தால் அதனைப் பெற்றுக்கொள்ளும் மேசை எது, அதனைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதி அனுப்பும் அலுவலர் யார் என்பதை ஒவ்வொரு கல்லூரி அலுவலகமும் முன்னரே முடிவு செய்து அறிவிப்புப் பலகையில் இடலாம். இதற்கு நிதி வேண்டா. ஒரு தாளும் முதல்வர் கையொப்பமும் போதும். பழைய பெயரில் அச்சிட்ட சான்றிதழோடு சானடோரியத்து வாயிலில் நேர்காணலுக்கு நிற்பவருக்கு, தம் வரலாறு முழுவதையும் அங்கே எடுத்துரைக்க எவரும் நேரம் தருவதில்லை.