மோட்டார் சைக்கிளில் ஜி.பி.எஸ். கருவிக்கு மின்சாரம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையினால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல இடங்களில் மண்சரிவு ஏற்பட்டது. பாதைகள் துண்டிக்கப்பட்டன. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் நின்றுபோயின. வீட்டை இழந்த பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தாலும் அவர்களுடைய காணியும் பயிரும் பழைய இடத்திலேயே உள்ளன. தெல்தோட்டை, கலஹா, உடுதும்பர, பன்விலை போன்ற மலைப்பகுதிகளில் காணியைப் பார்த்து வரவும், மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் மோட்டார் சைக்கிளே கைகொடுக்கிறது.

இப்பயணங்களில் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். வசதி மிகவும் பயனுள்ளது. இது பெரும்பாலான கைத்தொலைபேசிகளிலும் உண்டு. ஆனால் வரைபடத்தைத் திறந்து வைத்தால் தொலைபேசியின் பற்றரி சில மணித்தியாலங்களில் இறங்கிவிடும். மோட்டார் சைக்கிளிலிருந்தே அதற்கு மின்சாரம் எடுப்பது எப்படி என்பதே இந்தப் பாடம். வேலை சிறியது, எனினும் கவனயீனமாகச் செய்தால் குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் வாகனமே எரிந்துபோகலாம்.

முதலில் அறிய வேண்டியவை

ஜி.பி.எஸ். கருவி பூமியிலிருந்து ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் சமிக்ஞையைப் பெற்று இடத்தைக் கணிக்கிறது. குறைந்தது நான்கு செய்மதிகள் தேவை. இதற்குத் தொலைபேசிக் கோபுரம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே தொலைபேசியில் இறக்கி வைத்திருக்க வேண்டும். ஆழமான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களின் கீழும் சமிக்ஞை பலவீனமாக இருக்கும்.

மோட்டார் சைக்கிள் பற்றரி பொதுவாக 12 வோல்ட். தொலைபேசிக்கு வேண்டியது 5 வோல்ட். ஆகவே வோல்ட்டைக் குறைக்கும் யு.எஸ்.பி. சொக்கட் ஒன்றை இடையில் பொருத்த வேண்டும். அது 5 வோல்ட்டில் 2 அம்பியர், அதாவது 10 வாட் கொடுக்கும்போது, பற்றரியிலிருந்து ஏறக்குறைய 1 அம்பியர் மட்டுமே எடுக்கும். ஆகவே 2 அம்பியர் பியூஸ் போதும்.

பழைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் 6 வோல்ட் பற்றரி இருக்கும். அவற்றுக்கு இம்முறை பொருந்தாது. பல சிறிய வண்டிகளில் முன்விளக்குக்கு வரும் மின்சாரம் பற்றரியிலிருந்து வருவதில்லை. எஞ்சினிலுள்ள சுருளிலிருந்து ஆடலோட்டமாக வருகிறது. எனவே முன்விளக்கு வயரில் ஒருபோதும் சொக்கட்டை இணைக்கக் கூடாது.

தேவையான பொருட்கள்

• மழைமூடியுள்ள, 12 வோல்ட்டுக்குரிய யு.எஸ்.பி. சொக்கட்
• பியூஸ் கூடு, 2 அம்பியர் பியூஸ் இரண்டு (ஒன்று கைவசம்)
• நீர் புகாத சிறிய சுவிட்ச்
• 0.75 சதுர மில்லிமீற்றர் பலநார் வயர், சிவப்பும் கறுப்பும் 2 மீற்றர் வீதம்
• வளைய முனைகள், இன்சுலேசன் ரேப், பிளாஸ்டிக் கட்டுநாடா
• வோல்ட் அளக்கும் மீற்றர் (கராஜில் இரவல் வாங்கலாம்)

செய்முறை

1. எஞ்சினை நிறுத்திப் பற்றரியை அளந்து பாருங்கள். நல்ல பற்றரி 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பின்பு எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு அளக்கவும். 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13க்கு மேல் ஏறாவிட்டால் முதலில் அந்தக் குறையைத் திருத்துங்கள்.

2. எஞ்சினை நிறுத்தி, பற்றரியின் மறை (–) முனையை முதலில் கழற்றவும். நேர் (+) முனையை முதலில் கழற்றினால், சாவி வண்டியின் சட்டத்தில் முட்டித் தீப்பொறி பறக்கும்.

3. சிவப்பு வயரில் பியூஸ் கூட்டைப் பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் பொருத்துங்கள். வயர் எங்காவது உரசி வெறுமையாகிச் சட்டத்தைத் தொட்டால் பியூஸ் எரிந்து வண்டியைக் காப்பாற்றும். பியூஸ் சொக்கட்டின் பக்கத்தில் இருந்தால், இடையிலுள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை.

4. பியூசுக்கு அடுத்ததாகச் சுவிட்ச், அதன் பின் சொக்கட். கறுப்பு வயரைச் சொக்கட்டிலிருந்து நேரே பற்றரியின் மறை முனைக்குக் கொண்டுவாருங்கள்.

5. வயரைத் தாங்கியின் கீழே ஏற்கனவே உள்ள வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். எஞ்சினையும் புகைக்குழாயையும் அது தொடக் கூடாது. கைபிடியை இரு பக்கமும் முழுவதாகத் திருப்பிப் பாருங்கள். வயர் இழுபடக் கூடாது.

6. சொக்கட்டுக்குச் செல்லும் வயர் சற்றுக் கீழே தொங்கி, பின் மேலே ஏற வேண்டும். அப்போது மழைநீர் வளைவில் சொட்டிவிடும்.

7. நேர் முனையை முதலிலும் மறை முனையைக் கடைசியிலும் பூட்டுங்கள். அதன் பின்பே பியூசைப் போடுங்கள். கால் மணித்தியாலம் தொலைபேசியை ஏற்றி வயரைத் தொட்டுப் பாருங்கள். சூடு இருக்கக் கூடாது.

திறப்பைப் பூட்டியதும் மின்சாரம் தானாக நிற்க வேண்டுமானால் ரிலே ஒன்று தேவை. அதைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

அவதானிக்க வேண்டியவை

பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செப்புக் கம்பியையோ வைக்க வேண்டாம். எரிந்ததற்குக் காரணத்தைத் தேடுங்கள்.

5 அம்பியர்-மணி பற்றரியில் ஏறக்குறைய 60 வாட்-மணி சக்தியே உண்டு. எஞ்சினை ஓடவிடாமல் பெரிய தொலைபேசி ஒன்றை முழுமையாக ஏற்றினால் இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். ஆகவே ஓட்டத்தின்போதே ஏற்றுங்கள். வண்டியை நிறுத்தினால் சுவிட்சையும் நிறுத்துங்கள். முகாமில் தொலைபேசி ஏற்றுவதற்காக அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயு மணமின்றிக் கொல்லும்.

வரைபடத்தைப் பார்க்க வேண்டுமானால் வண்டியை ஓரமாக நிறுத்திப் பாருங்கள். தொலைபேசித் தொடர்பு இல்லாத இடங்களில் விமானப் பயண நிலையில் வைத்தால் சக்தி மிஞ்சும். பெரும்பாலான தொலைபேசிகளில் ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும்.

ஆபத்து வேளையில்

மண் சரிந்த இடத்தில் மரமும் மதகும் வீடும் இல்லாமல் போகும்போது அடையாளம் சொல்வது கடினம். ஆனால் எண்கள் அழிவதில்லை. கண்டி நகரம் ஏறக்குறைய வடக்கு 7.29, கிழக்கு 80.63 பாகையில் உள்ளது. தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்களைச் சொன்னால் ஏறக்குறைய 11 மீற்றருக்குள் இடத்தைக் காட்டலாம். உங்கள் காணி, தற்போதைய இருப்பிடம், பாதுகாப்பான மேட்டுநிலம் ஆகிய மூன்றின் எண்களையும் இப்போதே தாளில் எழுதி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குப் பேசும்போது அவற்றைச் சொல்லலாம். மழைக்காலத்தில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்ட பின்பே காணிக்குப் புறப்படுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. எங்கள் முகாமில் அல்லது கிராமத்தில் எத்தனை மோட்டார் சைக்கிள்கள் உண்டு? மின்சாரம் நின்றால் யாருடைய தொலைபேசிகளை முதலில் ஏற்ற வேண்டும்?
2. மீற்றர் ஒன்றைக் கூட்டாக வாங்கி வைக்க முடியுமா? அதைப் பயன்படுத்த யார் பழக விரும்புகிறார்கள்?
3. வாகனமில்லாத குடும்பங்களின் காணி எண்களை எழுதி வைக்கும் பொறுப்பை யார் ஏற்பது?