வளைவுக்குப் போன பாராட்டு

அமெரிக்காவில் சக்கரம் இல்லாத வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களிடையே ஒரு வில்லுக்கு அபாரமான பேர் உண்டு. ரிஃப்ளெக்ஸ்-டிஃப்ளெக்ஸ் நெடுவில், சுருக்கமாக ஹைப்ரிட். நெடுவில்லின் எளிமை, முனை வளைந்த ரிகர்வ் வில்லின் வேகம், இரண்டும் ஒரே கட்டையில் என்று விற்கிறவர் சொல்வார். வாங்கியவர் அதைவிடச் சத்தமாகச் சொல்வார். காட்டுக்குள் நுரைப் பொம்மை மிருகங்களை நிறுத்தி எய்யும் ஐரோப்பிய த்ரீடி பந்தயங்களிலும் இதே பேச்சுதான். ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது குறிபார்க்கும் கருவியும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளும் பூட்டிய வில். இவர்களுக்கு அதெல்லாம் ஆகாது. வில், நாண், அம்பு, கண், அவ்வளவுதான்.

நாண் ஏற்றாத ஹைப்ரிட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் வடிவம் புரிந்துவிடும். கைப்பிடியிலிருந்து கிளம்பும் வளையும் பாதிகளான இரண்டு லிம்புகளும் முதலில் எய்பவர் பக்கமாகச் சற்றுச் சாய்கின்றன. அது டிஃப்ளெக்ஸ். பாதி தூரம் போனதும் திசை மாறி, முனைகள் குறியின் பக்கம் திரும்புகின்றன. அது ரிஃப்ளெக்ஸ். நாண் ஏற்றியதும் முனைத் திருப்பம் பெரும்பாலும் நிமிர்ந்து, வில் ஒரே வளைவாகத் தெரியும். ரிகர்வில் நாண் லிம்பின் மேல் படிந்து கிடக்கும். ஹைப்ரிட்டில் நுனிக் காடியைத் தவிர வேறெங்கும் தொடாது.

நல்ல வடிவம், சந்தேகமில்லை. ஆனால் அதற்குக் கிடைக்கும் பாராட்டில் பாதி வேறு இடங்களுக்குப் போய்ச் சேர வேண்டியது.

“ஹைப்ரிட் வில்லுக்குச் சக்தி அதிகம்”

வில்லில் 45 பவுண்டு என்று எழுதியிருந்தால், 28 அங்குலம் இழுத்த நிலையில் விரல்களில் விழும் கனம் அது. இந்தத் திருப்பங்கள் இல்லாத நேர் நெடுவில்லும் 45 பவுண்டு இருக்கலாம், ஹைப்ரிட்டும் 45 இருக்கலாம். அந்த 45-க்கு எந்த வழியாகப் போய்ச் சேர்கின்றன என்பதில்தான் வேறுபாடு. நேர் வில்லில் முதல் சில அங்குலம் லேசாக வரும். கனம் பின்னால் ஏறும். முனை ரிஃப்ளெக்ஸ் உள்ள வில்லோ நாண் ஏற்றும்போதே நன்றாக வளைந்துவிட்டது. ஆகவே இழுக்கத் தொடங்கியதுமே கை கனத்தை உணரும். கடைசியில் விரலில் விழும் எடை ஒன்றுதான். வழியில் செய்த வேலை கூடுதல். லிம்பில் சேர்ந்த ஆற்றலும் அதனால் கூடுதல். அந்தக் கூடுதலைப் போட்டது வளைவு அல்ல, இழுத்தவரின் முதுகு.

விளம்பரங்கள் சொல்லாத மறுபாதி ஒன்று இருக்கிறது. டிஃப்ளெக்ஸ் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. லிம்பின் அடிப்பகுதி ஏற்கெனவே எய்பவர் பக்கம் சாய்ந்திருப்பதால், நாண் ஏற்றும்போது அது வளைய வேண்டிய அளவு குறைகிறது. தொடக்க இழுவையின் கனமும் குறைகிறது. ரிஃப்ளெக்ஸ் கொடுத்ததில் ஒரு பங்கை டிஃப்ளெக்ஸ் வாங்கிக்கொள்கிறது. முழுக்க ரிஃப்ளெக்ஸாக ஒரு வில் செய்தால் வேகம் இன்னும் வரும். கூடவே லிம்பு திருகும் சுபாவமும் வரும், உள்ளங்கை பிடியில் கொஞ்சம் பிசகினாலும் அம்பு விலகும், நாண் ஏற்றுவது மல்யுத்தமாகும். அதையெல்லாம் அடக்கத்தான் டிஃப்ளெக்ஸ். ஆக, வேகத்துக்காகப் புகழப்படும் இந்த வடிவத்தில் ஒரு பாதி வேகத்தைக் குறைக்கவே இருக்கிறது.

மிச்சப்படும் லாபம் எவ்வளவு? பவுண்டுக்கு 10 கிரெய்ன் என்ற வழக்கமான கணக்கில் 45 பவுண்டு வில்லுக்கு 450 கிரெய்ன் அம்பு. அதாவது ஏறக்குறைய 29 கிராம். நேர் வில் அதை நொடிக்கு 170 அடி வேகத்திலும் ஹைப்ரிட் 180 அடி வேகத்திலும் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அம்பின் இயக்க ஆற்றல் 12 சதவீதம் கூடுகிறது. சொல்லிக்கொள்ளும்படியான லாபம்தான். ஆனால் 20 கஜத்தில் நேர் வில்லின் அம்பு சுமார் 24 அங்குலம் கீழே இறங்கினால், ஹைப்ரிட்டின் அம்பு இருபத்தொன்றரை அங்குலம் இறங்கும். இடைவெளி இரண்டரை அங்குலம். எந்த வில்லானாலும் கண் அதன் இறக்கத்துக்குப் பழகிவிடும். தூரத்தைத் தப்பாக மதிப்பிட்டவரை இந்த இரண்டரை அங்குலம் எப்போதாவது காப்பாற்றலாம். நாணைக் கோணலாக விடுகிறவரைக் காப்பாற்றாது.

“வெண்ணெய் மாதிரி இழுக்க வருகிறது”

இது மெய். காரணம் நாணுக்கும் லிம்பு முனைக்கும் இடையிலுள்ள கோணம். இழுக்க இழுக்க அந்தக் கோணம் விரிகிறது. செங்கோணத்தை நெருங்கும்போது நெம்புபலம் போய்விடுகிறது. கடைசி அங்குலங்கள் திடீரென்று கனக்கின்றன. முனைகள் குறியின் பக்கம் திரும்பியிருந்தால் கோணம் மெதுவாக விரியும். அதனால்தான் 62 அங்குல ஹைப்ரிட் ஒன்று 68 அங்குல நேர் வில் போல இழுக்க வருகிறது. புதருக்குள் குனிந்து போகிற வேட்டைக்காரருக்கு அந்த ஆறு அங்குலம் பெரிய விஷயம்.

ஆனால் 26 அங்குலமே இழுக்கும் கைநீளம் உள்ளவருக்கு இந்தச் சிக்கலே வருவதில்லை. கோணம் விரியும் இடத்துக்கு அவர் போவதே இல்லையே. அவர் கவனிக்க வேண்டியது வேறு: 28 அங்குலத்தில் 45 பவுண்டு என்று எழுதிய வில், அவர் கையில் நாற்பதை ஒட்டித்தான் நிற்கும்.

“கையை உதறாது”

நேர் நெடுவில்லை எய்தவுடன் கைப்பிடியில் ஒரு உதறல் வரும், மணிக்கட்டுவரை போகும். ஹைப்ரிட்டில் அது குறைவு என்பது பலருடைய அனுபவம். வளைவுதான் காரணம் என்று முடிவு கட்டுமுன் பால் கிளாப்ஸ்டெக் சொன்னதைக் கேட்க வேண்டும். கிளாரன்ஸ் ஹிக்மன், ஃபாரஸ்ட் நேக்லர் ஆகியோரோடு சேர்ந்து 1947-இல் வில்லின் இயற்பியலைத் தொகுத்து நூலாக்கியவர் அவர். வில் தன் ஆற்றல் முழுவதையும் அம்புக்குக் கொடுப்பதில்லை. அம்போடு கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு எடையையும் சுமந்துபோவது போல நடந்துகொள்கிறது என்றார். லிம்பும் நாணும் ஓடுவதற்கு ஆகும் செலவு அது. ஒரு வில்லுக்கு ஏறத்தாழ மாறாத அளவு.

அந்தக் கற்பனை எடை 150 கிரெய்ன் என்று கொள்வோம். 450 கிரெய்ன் அம்பை எய்தால் ஆற்றலில் 75 சதவீதம் அம்புக்குப் போகும். 300 கிரெய்ன் அம்பு என்றால் 67 சதவீதம்தான். மிச்சம் லிம்பில் தங்கி, கைக்குள் இறங்கும். கையில் கல் இருந்தால் முழு வேகத்தில் வீசலாம். வெறுங்கையை அதே வேகத்தில் வீசினால் தோள்தான் வாங்கிக்கொள்ளும். அம்பு இல்லாமல் நாணை விட்டால் வில் உடையலாம் என்பதும் இதே கணக்குத்தான்.

எனவே உதறுகிறது என்று பழைய பாணி வில்லை விற்றுவிட்டு ஹைப்ரிட் வாங்கப் போகிறவர் முதலில் கனமான அம்பை எய்து பார்க்கலாம். ஹைப்ரிட்டுகளின் கைப்பிடிக் கட்டை பருமனானது, முனைகள் மெலிந்தவை. உதறல் குறைய இந்த இரண்டுக்கும் பங்கு உண்டு. ஒரு நேர் வில்லின் முனையைச் சீவி மெலியவைத்தாலும் உதறல் குறையும்.

“உள்ளே என்ன மரம் என்பதில்தான் ரகசியம்”

மூங்கில் வேகம், யூ மரம் மென்மை, மேப்பிள் உறுதி என்று நீண்ட ஜாதகமே கணிப்பார்கள். வளையும் எந்தப் பலகையிலும் விசை முழுவதும் வெளிப்பரப்பில். நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஹைப்ரிட்டின் வெளிப்பரப்பு இரண்டு பக்கமும் ஃபைபர் கிளாஸ். உள்ளே இருக்கும் மரம் அந்த இரண்டு கண்ணாடி இழைத் தகடுகளையும் பிரித்துப் பிடித்திருக்கும் வேலையைச் செய்கிறது. எடை குறைவாக, பசை நன்றாகப் பிடிப்பதாக இருந்தால் போதும். தெளிந்த கிளாஸுக்கு அடியில் மின்னும் அழகான மரச் சீவல் பெரும்பாலும் கண்ணுக்கு. அதில் தப்பில்லை; அழகுக்கும் விலை உண்டு. தடிமன் 1 சதவீதம் கூடினால் விறைப்பு 3 சதவீதம் கூடும் என்பதுதான் பட்டறையில் உண்மையான தலைவலி. மரத்தின் பேரைவிட அதைச் சீவிய கையின் நுணுக்கம் வில்லில் அதிகம் தெரியும்.

“இது பாரம்பரியமே இல்லை”

சண்டை இங்கேதான் சூடு பிடிக்கிறது. ஹோவர்ட் ஹில் பாணி நேர் வில் வைத்திருப்பவர்கள் ஹைப்ரிட்டை நாட்டில் பிறக்காத குழந்தை மாதிரி பார்ப்பார்கள். ஹில் 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்துக்காக அம்பு எய்தவர், அந்தக் காலத்தின் பெரும் வில்லாளி. அவர் பெயரில் ஒரு பக்தியே உண்டு. ஆனால் அவர் விரும்பியது மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த வில்; ஒரே யூ மரத்தில் செதுக்கிய ஆங்கிலேய வில் அல்ல. ஃபைபர் கிளாஸ் வந்த பிறகு அவர் பாணி வில்களும் அதையே போர்த்திக்கொண்டன. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ வில்கள் கிடைத்தன. அவற்றை இழுக்க 100 பவுண்டுக்கு மேல் பலம் வேண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவற்றின் பக்கத்தில் வைத்தால் கிளாஸ் போர்த்திய நேர் வில்லும் ஹைப்ரிட்டும் ஒரே ஊர்க்காரர்கள்.

ஆங்கில வில்லின் உருண்டை வயிற்றை, அதாவது எய்பவர் பக்கப் பரப்பை, கேள்வி கேட்டவர்களில் ஒருவர் மேலே பெயர் வந்த ஹிக்மன். ராபர்ட் காடர்டோடு ராக்கெட் வேலை செய்து, பிறகு தானாக வாசிக்கும் பியானோக்களின் நுட்பத்தில் இறங்கி, பெல் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த இயற்பியலாளர். வயிறு உருண்டையாக இருந்தால் அழுத்தம் முழுவதும் அதன் முகட்டிலேயே குவிகிறது. தட்டையான செவ்வக வெட்டில் அகலம் முழுக்கப் பகிர்ந்துகொள்கிறது என்று காட்டினார். இன்றைய ஹைப்ரிட்டின் தட்டை லிம்பு அந்தச் சிந்தனையின் வழி வந்தது.

முனையை முன்னோக்கி வளைப்பதும் புதிதல்ல. கலிஃபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சிய இஷி, 1916-இல் இறக்கும்வரை, ஜூனிப்பர் மரத்தில் தசைநார் ஒட்டி, முனைகளைச் சூடேற்றி வளைத்து வில் செய்தார். அதை அருகிலிருந்து பார்த்து எழுதியவர் அவருடைய மருத்துவர் சாக்ஸ்டன் போப். ஆசிய வில்லாளிகள் அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியவர்கள். ஹைப்ரிட் தொன்மையானது என்று இதை வைத்து வாதாடுவதும் எனக்கு உவப்பாக இல்லை. எபாக்ஸி பசையும் கிளாஸும் இல்லாமல் இன்றைய ஹைப்ரிட் இல்லை.

‘பாரம்பரிய வில்’ என்ற அடையாளமே சக்கர வில்லுக்கு, அதாவது காம்பவுண்டுக்கு, எதிர்வினையாக எழுந்ததுதான். மிசூரியின் ஹோலஸ் வில்பர் ஆலன் சக்கர வில்லுக்கு 1969-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் எல்லா வில்லும் வெறும் வில்தான். யாரும் தன் வில்லுக்கு அடைமொழி தேடவில்லை.

“தானாகக் குறிக்குப் போகும்”

நேர் நெடுவில்லில் அம்பு உட்காரும் திட்டு வில்லின் நடுக்கோட்டுக்கு வெளியே இருக்கும். நாணை விட்டதும் அம்பு வில்லைச் சுற்றி வளைந்து நெளிந்து போகிறது. இதை ஹிக்மன் 1930-களில் அதிவேகப் படச்சுருளில் பிடித்துக் காட்டினார். அந்த வில்லுக்கு அம்பின் விறைப்பு மிகச் சரியாக அமைய வேண்டும். ஹைப்ரிட்டின் பருமனான கைப்பிடியை நடுக்கோடுவரை, சிலவற்றில் அதைத் தாண்டியும், வெட்ட முடிகிறது. அம்பு சுற்றிப் போக வேண்டிய தூரம் குறைகிறது. விறைப்பில் கொஞ்சம் பிசகினாலும் மன்னித்துவிடுகிறது. புதிதாக வாங்கியவர் ‘என் அம்பெல்லாம் ஒன்றாகக் குவிகிறது’ என்று மகிழ்வது பெரும்பாலும் இந்த வெட்டினால். லிம்பின் வளைவுக்கு இதில் வேலை கொஞ்சம்தான்.

“நெடுவில்தானே, காலால் மிதித்து நாண் ஏற்றலாம்”

வேண்டாம். காலுக்கு நடுவே கொடுத்து வளைக்கும்போது லிம்பு திருகும்; மெலிந்த ரிஃப்ளெக்ஸ் முனை அந்தத் திருகலை நினைவில் வைத்துக்கொள்ளும். நாண் ஏற்றும் கயிறு விலை அதிகமில்லை. அதேபோல, இக்கால நீளாத இழை நாண்களை முனை வலுவூட்டாத பழைய வில்லில் பூட்டினால் முனை பிளக்கலாம். அந்த வில்லுக்குச் சற்று நீளும் டேக்ரான் நாண்தான். வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்த கிளாஸ் வில்லையும் விடக் கூடாது. பசை இளகினால் அடுக்குகள் பிரிந்துவிடும்.

“எந்தப் போட்டியிலும் நெடுவில் பிரிவில் சேர்த்துக்கொள்வார்கள்”

பிரிட்டிஷ் லாங்-போ சொசைட்டியில் வாய்ப்பே இல்லை. அங்கே லிம்பின் தடிமன் அதன் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது. தட்டை லிம்பு வாசலிலேயே நின்றுவிடும். சர்வதேச ஃபீல்டு ஆர்ச்சரி சங்கம் தாராளம். ஆனால் நாண் ஏற்றிய வில் ஒரே திசையில் தொடர்ந்து வளைய வேண்டும் என்று கேட்கும். ரிஃப்ளெக்ஸை அதிகமாகக் காட்டி ரிகர்வுக்கு மிக அருகே போன சில ஹைப்ரிட்டுகள் இங்கே மாட்டிக்கொள்கின்றன. வாங்குமுன் பார்க்க வழி எளிது. நாண் ஏற்றி, நாண் செங்குத்தாக இருக்கும்படி வில்லை நிறுத்துங்கள். கைப்பிடியிலிருந்து முனைவரை எய்பவர் பக்கச் சாய்வு கூடிக்கொண்டே போக வேண்டும். முனைக்கு முன்னால் எங்கேயாவது நிமிரத் தொடங்கினால் அந்த வில்லுக்கு வேறு பிரிவு தேட வேண்டும். அந்தச் சங்கத்தின் நெடுவில் பிரிவில் அம்பும் மரத்தில் இருக்க வேண்டும், கார்பன் அம்பு செல்லாது.